டயாலிசிஸ் நோயாளி "கண்ணு மங்குது" என்றால் எதை முதலில் சந்தேகிப்பது?

ஹீமோ_செல்வம் | கேள்வி

வணக்கம். ஹீமோடயாலிசிஸ் யூனிட் டெக்னீஷியன். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சர்க்கரையும் பிபியும் சேர்ந்து கிட்னி போனவர்கள். யார் கண்ணைப் பற்றிச் சொன்னாலும் ஒரே பதில்தான் போகிறது: "சர்க்கரை இருக்கில்ல, கண் டாக்டரைப் பாருங்க." ஆனால் அவர்கள் சொல்லும் மங்கல் ஒரே மாதிரி இல்லை. குறித்து வைத்ததில் நாலு வகை தேறுகிறது.

1. மிஷினிலிருந்து இறங்கியதும் மங்கல். மறுநாள் தானாகச் சரியாகிவிடும்.

2. காலையில் எழுந்ததும் மங்கல், மதியத்துக்கு மேல் கொஞ்சம் தெளிவு. இரண்டு நாள் இடைவெளி விட்டு வரும் திங்கட்கிழமைகளில் அதிகம். கதவு நிலை, ஜன்னல் கம்பி எல்லாம் வளைந்து தெரிகிறது என்கிறார்கள். அப்படி ஒருவருக்கு ஓசிடியில் (விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஸ்கேன்) மேக்குலா வீக்கம், அதாவது விழித்திரையின் மையத்தில் வீக்கம், நடுத் தடிமன் 430 மைக்ரான்.

3. டயாலிசிஸில் பிபி 80/50க்கு இறங்கியது. மறுநாள் காலை எழுந்தால் ஒரு கண்ணில் கீழ்ப்பாதி தெரியவில்லை. வலி இல்லை.

4. திடீரென்று கண்முன் கரும்புகை, நூல் நூலாக ஓடுகிறது. வீட்டார் "நீங்க போடுற ஹெபரின்தான் காரணம்" என்று சண்டைக்கு வருகிறார்கள். ஹெபரின் என்பது மிஷினில் ரத்தம் உறையாமலிருக்க நாங்கள் போடும் மருந்து.

இதில் எதை அன்றே அனுப்ப வேண்டும்? ஹெபரினை நிறுத்தணுமா? வீக்கத்துக்குக் கண்ணில் ஊசி போட்டால் மிச்சமிருக்கும் கிட்னியும் போய்விடுமா? சாயம் ஏற்றி எடுக்கும் கண் ஆஞ்சியோகிராமை டயாலிசிஸ்காரருக்குச் செய்யலாமா? யூனிட்டிலேயே நாங்கள் செய்யக்கூடிய சோதனை ஏதாவது உண்டா?

---

விழித்திரை_மீனா | பதில்

செல்வம் சார், நீங்கள் பிரித்து வைத்திருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. மங்கல் எப்போது வருகிறது, ஒரு கண்ணிலா இரண்டிலுமா, வலி உண்டா என்ற மூன்றையும் கேட்டாலே பெரும்பாலும் இடம் தெரிந்துவிடும். அவசரம் எதுவோ அதிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் 3வது வகைதான் எனக்கு அதிகப் பயம். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்துக்கு மிகச் சிறிய தமனிகள் வழியாகத்தான் ரத்தம் போகிறது. கிட்னி நோயாளிக்கு அந்தத் தமனிகள் ஏற்கெனவே தடித்தவை, ரத்தசோகையால் வரும் ஆக்சிஜனும் குறைவு. இந்த நிலையில் பிபி சட்டென்று விழுந்தால் நரம்பின் முனை ரத்தமின்றி அடிபட்டு வீங்குகிறது. மேல் பாதி அல்லது கீழ்ப் பாதி மறைவது இதன் அடையாளம். பெரும்பாலும் தூங்கி எழும்போதுதான் தெரியவரும், ஏனென்றால் இரவில் பிபி இன்னும் இறங்குகிறது. போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர நிரூபணமான மருந்து கிடையாது. அன்றே அனுப்பச் சொல்வதற்கு முக்கியக் காரணம் அடுத்த கண். டயாலிசிஸ்காரர்களுக்கு இரண்டு கண்ணும் பாதிக்கப்படுவது மற்றவர்களைவிட அதிகம்.

மிஷினில் இருக்கும்போதே "ஒரு பக்கம் இருட்டுது" என்றால் யூஎஃப்பை (மிஷின் உடம்பிலிருந்து நீரை எடுப்பதை) நிறுத்துங்கள், காலைத் தூக்கி வையுங்கள், உங்கள் புரோட்டோகால்படி நார்மல் சலைன் கொடுத்துப் பிபியை ஏற்றுங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். "டயாலிசிஸ் முடியட்டும், பார்க்கலாம்" என்பது கூடாது. 50 வயதுக்கு மேற்பட்டவர் என்றால் மெல்லும்போது தாடை வலி, உச்சந்தலை தொட்டால் வலி உண்டா என்றும் கேளுங்கள். டெம்போரல் ஆர்ட்டரி (நெற்றிப்பொட்டுத் தமனி) அழற்சியும் இதே மாதிரி வரும், அதற்கு உடனே ஸ்டீராய்டு வேண்டும். கிட்னி நோயாளிக்கு அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் அளவு எப்படியும் ஏறித்தான் இருக்கும், அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. அறிகுறியையும் சிஆர்பி என்ற இன்னொரு அழற்சிச் சோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கண் முழுவதும் சில நொடிகளில் இருண்டு அப்படியே நின்றால் அது விழித்திரைத் தமனி அடைப்பு. அதைப் பக்கவாதமாகவே நடத்தி, பக்கவாத சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு நேராக அனுப்புங்கள். முதல் 4.5 மணி நேரம்தான் கணக்கு. கண் மருத்துவமனையில் வரிசையில் உட்கார வைத்தால் அந்த நேரம் அங்கேயே போய்விடும்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன். பிபி 220/130, தலைவலி, வாந்தி, இரண்டு கண்ணிலும் மங்கல். இங்கே விழித்திரையில் பஞ்சுத் திட்டு, தீச்சுடர் வடிவ ரத்தக்கசிவு, நரம்பு முனை வீக்கம் எல்லாம் சேர்ந்து இருக்கும். விழித்திரைக்கு அடியிலுள்ள கோராய்டு ரத்தக்குழாய்கள் கசிந்து, விழித்திரையே நீரால் தூக்கப்படுவதும் உண்டு. 1939இல் கீத், வேகனர், பார்க்கர் மூவரும் பிபி நோயாளிகளின் விழித்திரையை நாலு நிலையாகப் பிரித்தார்கள். நரம்பு முனை வீங்கிய 4வது நிலையில் மூன்று ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 6 சதவீதம்தான். இன்று மருந்து இருக்கிறது, நீரும் வற்றும், பார்வையும் பெருமளவு திரும்பும். ஆனால் பிபியை அவசர அவசரமாக இறக்கக்கூடாது. முதல் ஒரு மணி நேரத்தில் சராசரி அழுத்தத்தில் கால் பங்குக்கு மேல் குறைக்காமல், அடுத்த 2 முதல் 6 மணி நேரத்தில் 160/100 பக்கம் கொண்டுவருவதுதான் முறை. நிஃபெடிபின் கேப்ஸ்யூலைக் குத்தி நாக்கடியில் பிழியும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பிபி கிடுகிடுவென்று விழுந்து, 3வது வகையில் சொன்ன அதே நரம்புப் பாதிப்பை நாமே வரவழைத்ததாகிவிடும்.

இன்னொன்று: "ஒன்றுமே தெரியவில்லை" என்கிறார், ஆனால் டார்ச் அடித்தால் கண்பாப்பா நன்றாகச் சுருங்குகிறது, விழித்திரையும் சுத்தம். அப்போது கோளாறு மூளையின் பின்பகுதியில். பிபி ஏறியவர்களுக்கும், மாற்றுச் சிறுநீரகம் வைத்து டாக்ரோலிமஸ் சாப்பிடுபவர்களுக்கும் வரும். வலிப்பு வரலாம். எம்ஆர்ஐ தேவை, நியூரோவுக்கு அனுப்ப வேண்டும்.

4வது வகை, ஹெபரின். விழித்திரையில் ரத்தம் போதாத இடங்களிலிருந்து முளைக்கும் புதுக் குழாய்கள் மெல்லியவை. அவை அறுந்துதான் கண்ணுக்குள் ரத்தம் கொட்டுகிறது. இந்தப் புதுக் குழாய்கள் இல்லாத கண்ணில் ஹெபரின் ரத்தத்தை வரவழைப்பதில்லை. ஆகவே வீட்டாரிடம் சொல்ல வேண்டியது, லேசர் செய்ய வேண்டிய கண் லேசர் இல்லாமல் இருந்திருக்கிறது என்பதுதான். புதிதாக ரத்தம் கசிந்த முதல் சில டயாலிசிஸ்களை ஹெபரின் இல்லாமலோ குறைந்த அளவிலோ செய்யும்படி நெஃப்ராலஜிஸ்ட்டிடம் கேட்பதில் தவறில்லை. டயாலிசிஸைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. ஆஸ்பிரினையும் நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். ஈடிடிஆர்எஸ் என்ற பெரிய ஆய்வில் தினம் 650 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்தும் கண்ணுக்குள் ரத்தக்கசிவு கூடவில்லை. நோயாளியைத் தலையை உயர்த்திப் படுக்கச் சொல்லுங்கள், ஓரிரு நாளில் அனுப்புங்கள். உள்ளே பார்க்க முடியாத அளவுக்கு ரத்தம் என்றால் பி ஸ்கேன் (கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட்) எடுத்து விழித்திரை பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கரும்புகையோடு மின்னல் மாதிரி வெளிச்சமும் ஓரத்தில் திரை மாதிரி மறைப்பும் இருந்தால் அன்றே அனுப்பிவிடுங்கள்.

2வது வகை மேக்குலா வீக்கம். காலையில் மோசமாக இருப்பது அதன் குணம். ராத்திரி முழுக்கப் படுத்திருப்பதால் நீர் அங்கே சேர்கிறது. திங்கட்கிழமை அதிகம் என்பது உங்கள் கையில் கிடைத்த துப்பு: உடம்பில் தங்கும் நீர் கண்ணையும் வீங்க வைக்கிறது. இவருக்கு டிரை வெயிட் (கூடுதல் நீரை எடுத்தபின் இருக்க வேண்டிய எடை) சரியாக இல்லை என்று முதலில் சந்தேகிப்பேன். ரத்தத்திலுள்ள அல்புமின் புரதம் 3க்குக் கீழே இருந்தால் இன்னும் மோசம். ஊசி போடும் முன் அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓசிடி எடுப்பதுதான் என் வழக்கம்.

1வது வகை பெரும்பாலும் யூரியாவும் சர்க்கரையும் வேகமாக மாறுவதால் லென்ஸின் பவர் தற்காலிகமாக நகர்வது. டயாலிசிஸ் அன்று கண்ணாடிக்குச் சோதனை செய்யாமல் இருந்தால் போதும். ஆனால் மங்கலோடு கண்வலி, தலைவலி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் என்றால் கண் அழுத்தம் பார்க்க வேண்டும். சிலருக்கு, குறிப்பாகக் கண்ணின் முன்கோணம் குறுகியவர்களுக்கு, டயாலிசிஸ் நேரத்தில் அழுத்தம் ஏறும்.

---

நெஃப்ரோ_இளங்கோ | பதில்

மீனா மேடம் சொன்னதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் திருத்துகிறேன். "முதலில் டிரை வெயிட், பிறகு ஊசி" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் டிரை வெயிட்டை அரை கிலோ அரை கிலோவாகத்தான் இறக்க முடியும், பல வாரம் ஆகும். ஒரேயடியாக இழுத்தால் பிபி விழுந்து 3வது வகையில் போய் நிற்போம். இரண்டு கண்ணிலும் சமமாக வீக்கம், முகமும் காலும் வீங்கியிருக்கிறது, விழித்திரைக்கு அடியில் நீர் என்றால் காத்திருக்கலாம். ஒரு கண்ணில் மட்டும் வீக்கம், கசியும் நுண்குழாய்ப் புடைப்புகள் தெளிவாகத் தெரிகின்றன, பார்வை 6/24க்கு (மற்றவர் 24 மீட்டரில் படிப்பதை இவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார்) இறங்கிவிட்டது என்றால் ஊசியும் நீர்க் கட்டுப்பாடும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். நீர் குறையும் வரை ஊசியை ஒத்திப்போட்டு, மூன்று மாதம் வீங்கியே கிடந்த மேக்குலாவில் பிறகு எது போட்டாலும் முழுப் பலன் இல்லை.

யூனிட் பக்கம் கணக்கு எளிது. யூஎஃப் வேகம் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் போகக்கூடாது. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 780 மில்லி, நாலு மணி நேரத்தில் 3.1 லிட்டர். அவர் 5 லிட்டரோடு வந்து "எல்லாத்தையும் எடுத்துடுங்க சார்" என்றால் அது 20 மில்லியைத் தாண்டுகிறது. நேரத்தை நீட்டுங்கள், அல்லது கூடுதலாக ஒரு நாள் வரச் சொல்லுங்கள். டயாலிசேட் (மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஓடும் திரவம்) வெப்பத்தை 36 டிகிரிக்கு இறக்கினால் பிபி விழுவது குறையும். எளிதில் பிபி விழுபவருக்கு மிஷினில் இருக்கும்போது சாப்பாடு வேண்டாம். டயாலிசிஸ் அன்று காலை பிபி மாத்திரையைத் தள்ளிப்போடலாமா என்பதை ஆளுக்கு ஆள் டாக்டர் எழுதித்தர வேண்டும். வீட்டில் எடை கூடாமலிருக்கத் தண்ணீரைவிட உப்பைத்தான் பிடிக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைச் சாம்பார் உள்ளே போனால் தாகத்தை யாராலும் அடக்க முடியாது.

ஹீமோகுளோபினையும் பாருங்கள். 7, 8 என்று கிடந்தால் அதுவே விழித்திரையில் ரத்தப் புள்ளிகளை உண்டாக்கும், இருக்கிற சர்க்கரைப் பாதிப்பையும் தூக்கிவிடும். ரத்தம் ஊறவைக்கும் எரித்ரோபாய்ட்டின் ஊசி போட்டு 10 முதல் 11.5 வரை வைத்தால் போதும். 13க்கு மேல் ஏற்றுவது பிபியையும் ரத்தம் உறைவதையும் கூட்டும். அதே ஊசி போடுகிறவர்களுக்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) பொய்யாகக் குறைந்து காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும். "6.2 தான், சர்க்கரை கட்டுக்குள் இருக்கு" என்று கண் டாக்டரிடம் சொல்லிவிட்டு வருவார்கள். விரல் குத்திப் பார்த்தால் 260 இருக்கும்.

டயாலிசிஸ் வரை வராதவர்களுக்கும் ஒரு வார்த்தை. டைப் 1 சர்க்கரையில் கிட்னி கெட்டவருக்குக் கண் கெடாமல் இருப்பது அபூர்வம். டைப் 2வில் சிறுநீரில் நிறையப் புரதம் போகிறது, ஆனால் விரித்துப் பார்த்த விழித்திரை சுத்தம் என்றால் கிட்னி போனது சர்க்கரையால்தானா என்று மறுபடி கேட்க வேண்டும். பயாப்சி வரை போகலாம். அதாவது எங்களுக்கும் கண் ரிப்போர்ட் வேண்டும். ஆனால் பெரும்பாலான ஃபைலில் அது இருப்பதில்லை.

---

பார்மசி_கோகிலா | பதில்

ஊசியையும் சாயத்தையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

கண்ணுக்குள் போடும் விஇஜிஎஃப் (ரத்தக்குழாய்களை முளைக்கவும் கசியவும் வைக்கும் புரதம்) தடுப்பு ஊசியின் அளவு 0.05 மில்லி. கிட்னிக்காக டோஸ் குறைக்கத் தேவையில்லை, டயாலிசிஸில் கழுவிப்போகும் என்ற கவலையும் இல்லை. ஆனால் மருந்தில் கொஞ்சம் ரத்தத்துக்குப் போகிறது. பெவசிசுமாப், அஃப்லிபர்செப்ட் இரண்டும் ரத்தத்தில் அதிக நாள் தங்கும், ரானிபிசுமாப் சீக்கிரம் வெளியேறும். சிலருக்கு ஊசிக்குப் பிறகு பிபி ஏறியதும் சிறுநீர்ப் புரதம் கூடியதும் பதிவாகியிருக்கிறது. டயாலிசிஸ் வராமல் இஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் திறன்) 20, 25இல் தள்ளிக்கொண்டிருப்பவர்தான் இதைக் கவனிக்க வேண்டும்: ஊசிக்கு முன்னும் மாதம் ஒருமுறையும் பிபி, கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் கிரியேட்டினின் விகிதம். சமீபத்தில் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவருக்கு டெக்ஸாமெத்தசோன் 0.7 மி.கி. இம்ப்ளான்ட் போடுவதும் உண்டு. அதில் கண் அழுத்தமும் புரையும் வரும்.

கண் ஆஞ்சியோகிராமின் சாயம் ஃபுளூரசீன். சிடி ஸ்கேனுக்குப் போடும் அயோடின் சாயம் இல்லை. இந்தக் குழப்பத்தாலேயே பலருக்குத் தேவையான சோதனை நடக்காமல் போகிறது. டயாலிசிஸ்காரருக்கும் செய்யலாம். சில இடங்களில் அளவைப் பாதியாக்குவார்கள். தோலில் மஞ்சள் மற்றவர்களைவிட அதிக நேரம் நிற்கும், சிறுநீர் போகிறவருக்கு அதிலும் நிறம் தெரியும். சாயமே வேண்டாம் என்றால் ஓசிடி ஆஞ்சியோகிராபி இருக்கிறது, ஆனால் கசிவை அது காட்டாது. செய்பவருக்கு ஒன்று சொல்லி அனுப்புங்கள்: பிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கையில் ஊசியோ பிபி பட்டையோ கூடாது. மறு கையிலும் புறங்கை ரத்தநாளம்தான். முழங்கை மடிப்பில் குத்தி அந்த ரத்தநாளத்தை வீணாக்க வேண்டாம், அடுத்த பிஸ்டுலாவுக்கு அது வேண்டியிருக்கும்.

கண் மருத்துவமனையிலிருந்து வரும் சீட்டில் நான் தேடும் பெயர் அசிட்டசோலமைடு. கண் அழுத்தத்துக்கும், புரை ஆபரேஷனுக்குப் பிறகும் சாதாரணமாக எழுதுவார்கள். டயாலிசிஸ்காரர் 250 மி.கி. மாத்திரையை நாளைக்கு மூன்று வேளை சாப்பிட்டால் ஓரிரு நாளில் தூக்கக் கலக்கம், பிதற்றல், ரத்தத்தில் அமிலம் என்று வந்து நிற்பார். வீட்டார் பக்கவாதம் என்று நினைப்பார்கள். சொட்டு மருந்தாலேயே அழுத்தத்தைக் குறைக்கக் கேளுங்கள். சிறுநீர் போகாதவருக்கு மேனிட்டால் ஏற்றுவதும் ஆபத்து, நீர் நுரையீரலுக்குப் போகும். வலிக்கு டைக்ளோஃபினாக் மாத்திரை வேண்டாம், பாராசிட்டமால் போதும். நெப்பாஃபினாக் மாதிரி சொட்டு பரவாயில்லை.

பாப்பாவை விரிக்கும் சொட்டிலும் கவனம். இங்கே அதிகம் புழங்குவது 0.8% டிராபிகமைடுடன் 5% ஃபினைல்எஃப்ரின் சேர்ந்தது. பிபி 190இல் இருப்பவருக்கு ஃபினைல்எஃப்ரின் இல்லாத டிராபிகமைடு மட்டும் போடச் சொல்லுங்கள்.

இனி, கிட்னி கெட்டால் உடம்பில் தேங்கிக் கண்ணைக் கெடுக்கும் மாத்திரைகள். டிபி மருந்தில் எத்தாம்பியூட்டால். சாதாரணக் கூட்டு மாத்திரையில் ஒவ்வொன்றிலும் 275 மி.கி. இருக்கிறது. டயாலிசிஸ்காரருக்கு அதைத் தினமும் கொடுத்தால் பார்வை நரம்பு போகும், முதலில் சிவப்பு பச்சை நிறம் மங்கும். தனித்தனி மாத்திரையாகப் பிரித்து, எத்தாம்பியூட்டாலை வாரம் மூன்று நாள், டயாலிசிஸ் முடிந்த பிறகு கொடுக்க வேண்டும். லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஒரு கிலோவுக்கு 5 மி.கி. தாண்டக்கூடாது. 60 கிலோவுக்கு 300தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 400 எழுதுவார்கள். கிட்னி குறைந்தவருக்கு ஐந்து ஆண்டு காத்திராமல் ஆரம்பத்திலிருந்தே ஆண்டுதோறும் ஓசிடியும் பார்வைப் புலச் சோதனையும் வேண்டும். கண்ணில் அக்கி வந்தால் வாலசைக்ளோவிர் டோஸைக் குறைக்காமல் கொடுத்தால் மூளைக் குழப்பம் வரும். சர்க்கரை மாத்திரையான பையோகிளிட்டசோன் உடம்பில் நீரைத் தேக்கும், மேக்குலா வீக்கம் உள்ளவரின் சீட்டில் அது இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஃபீனோஃபைப்ரேட் விழித்திரைக்கு நல்லது என்று ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே அது கூடாது.

---

ஆப்டோம்_ரவி | பதில்

யூனிட்டில் செய்யக்கூடியது: 3 மீட்டர் தூரத்தில் படிக்கும் ஒரு எழுத்து அட்டை, ஒரு கட்ட அட்டை (சதுரக் கட்டங்கள் போட்டது), ஒரு டார்ச், ஓட்டைபோட்ட அட்டை. ஓட்டை 1.2 மில்லிமீட்டர் இருக்கலாம்.

டயாலிசிஸ் தொடங்கும் முன்பே சோதியுங்கள், ஒவ்வொரு கண்ணாக, மறு கண்ணை உள்ளங்கையால் மூடி. விரலால் மூடினால் இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவார்கள். வழக்கமான கண்ணாடியோடு 3 மீட்டர் அட்டையில் கடைசியாகப் படிக்கும் வரியைக் குறியுங்கள். பிறகு ஓட்டை அட்டை வழியே பார்க்கச் சொல்லுங்கள். வரி இரண்டு கூடினால் கண்ணாடிக் கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம், அவசரமில்லை. கூடவில்லை என்றால் புரை, விழித்திரை, நரம்பு மூன்றில் ஒன்று. கட்ட அட்டையை 30 செ.மீ. தூரத்தில், படிக்கும் கண்ணாடியோடு. கோடு வளைந்தால் மேக்குலா. பாதி மறைந்தால் நரம்பு. டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றும்போது பாப்பா சுருங்காமல் விரிந்தால் அந்தக் கண்ணின் நரம்பு பலமாக அடிபட்டிருக்கிறது, அன்றே அனுப்புங்கள்.

மாதம் ஒருமுறை, எல்லாருக்கும், புகார் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரு கண் போனதே பல வாரம் தெரியாமல் இருப்பவர்கள் உண்டு, மறு கண் ஈடுகட்டிவிடும். கண் சிவந்து மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்றால் வெள்ளை விழியின் ஓரத்தில் சுண்ணாம்புத் துகள் மாதிரி இருக்கிறதா பாருங்கள். கால்சியம் பாஸ்பரஸ் ஏறி அங்கே படிந்ததாக இருக்கலாம். விழித்திரைக்கு ஆபத்தில்லை, ஆனால் பாஸ்பரஸ் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லும் அடையாளம்.

---

ஹீமோ_செல்வம்

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: கண் ஆபரேஷன், லேசர், ஊசி இவற்றை டயாலிசிஸ் நாளோடு எப்படிப் பொருத்துவது? ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாமா என்று கேட்கிறார்கள், பஸ் செலவு மிச்சம் என்று.

---

விழித்திரை_மீனா

டயாலிசிஸுக்கு மறுநாள். ஹெபரின் 4 முதல் 6 மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போயிருக்கும், பொட்டாசியமும் நீரும் சரியாக இருக்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டாது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் என்றால் செவ்வாய் அல்லது வியாழன். ஆபரேஷனுக்கு அடுத்து வரும் டயாலிசிஸை ஹெபரின் இல்லாமல் வையுங்கள். லேசருக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை, ஆனால் புதுக் குழாய்களுக்கான முழு லேசர் ஒரே நாளில் முடியாது, ஒரு கண்ணுக்கு இரண்டு மூன்று தவணை ஆகும் என்று முதலிலேயே சொல்லுங்கள். முதல் தவணையோடு வராமல் நின்றுவிடுகிறவர்கள்தான் பிறகு கரும்புகையோடு உங்களிடம் வருகிறார்கள்.

அனுப்பும் சீட்டில் டிரை வெயிட், கடைசி மூன்று டயாலிசிஸின் முன்பின் எடையும் பிபியும், ஹீமோகுளோபின், பொட்டாசியம், ஹெபரின் அளவு, பிஸ்டுலா எந்தக் கை என்பதை எழுதிவிடுங்கள். இரண்டு வரிதான். அது இல்லாமல் வந்தால் பொட்டாசியம் பார்க்க ரத்தம் எடுத்து, ரிசல்ட் வரும் வரை காக்க வைத்து, பாதிப் பேரை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது.